பின்டயர் மேல் போட்ட பழி

மாமா,

இன்று காலை நுவரெலியா டயர் கடையில் உங்கள் காரின் நான்கு சக்கரங்களையும் கழற்றிப் போட்டிருந்தார்கள். புது டயர்களைச் சுற்றியிருந்த தாளைக் கிழித்ததும் ரப்பர் வாடை குப்பென்று வந்தது. உங்கள் மகன் ஒரு டயரின் பக்கவாட்டில் இருந்த அளவை விரலால் தடவிப் பார்த்தார்.

"அன்னைக்கு இந்த சைஸ் கெடைச்சிருந்தா அப்பா கார விட்டிருக்க மாட்டாரு."

நீங்கள் இறந்த பிறகு என் கணவர் வாயால் இதை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் உங்களுக்குக் கொடுத்த வாக்கை நினைத்துக்கொண்டேன்.

வாழ்நாள் முழுக்க லீக்ஸும் கரட்டும் லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பிய மனுஷன், மரக்கறி வியாபாரத்தை மகனிடம் விட்ட கையோடு, இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தபோது தெருவே வேடிக்கை பார்த்தது. "மூட்டை ஏத்த முடியாத வண்டி ஒண்ணு ஓட்டிப் பாக்கணும் புள்ள" என்றீர்கள். டயகம தோட்டத்து லயத்தில் பிறந்த உங்களுக்கு அதைத் தவிர வேறு ஆடம்பரம் எதுவும் இருந்ததில்லை.

டயர் இறக்குமதி நின்றுபோயிருந்த நாட்களில்தான் வினை வந்தது. பழைய டயர்கள் வழுக்கையாகிவிட்டன. அந்தக் காருக்கான அளவு கடைகளில் இல்லை. உங்கள் மகன் ஹட்டன், கண்டி என்று அலைந்து, முன்னுக்குப் போட ஒரு கம்பனியின் மென்மையான டயர் இரண்டும், பின்னுக்கு வேறொரு கம்பனியின், வேனுக்குப் போடுகிற கெட்டி ரப்பர் டயர் இரண்டும் தேடிப் பிடித்தார். பின்டயர்கள் கொஞ்சம் உயரம் வேறு. போட்ட அன்றைக்கே "வண்டி எம் பேச்சக் கேக்கல" என்றீர்கள். மீட்டர் காட்டுவதைவிட வேகமாக ஓடுகிறது, வளைவில் பின்பக்கம் தனியாக ஒரு வழி தேடுகிறது என்றீர்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு மழை நாளில் நானுஓயா இறக்கத்தில் பின்பக்கம் வழுக்கி, ரோட்டோர வடிகான் சுவரில் மோதி நின்றது. உங்களுக்குக் காயமில்லை. ஆனால் உங்கள் மகன் பயந்துபோய்க் கையை நீட்டினார்.

"வயசாச்சுப்பா. சாவியக் குடுத்துருங்க."

"எங் கை தப்பல. நீ வாங்கியாந்த டயரு பிடிக்கல. வேன் டயர இதுல மாட்டி என்னய கொல்லப் பாக்குறியா?"

அந்தக் கடைசி வார்த்தையில் அவர் முகம் செத்துப்போனது. அதன் பிறகு வீட்டில் யாரும் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒரே மேசையில் சாப்பிட்டீர்கள். அவர் பேசினார், நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் அவரும் பேசுவதை விட்டுவிட்டார். கடைசியில் என்னிடம்தான் வந்தீர்கள்.

"லிந்துலை பள்ளிக்கூடத்துக்கு நீ தெனம் கார் ஓட்டிட்டுப் போறவ. பக்கத்துல உக்காந்து பாரு. கோளாறு டயருலயா, எங்கிட்டயான்னு நீ சொல்லு. நீ சொல்றதக் கேக்குறேன்."

தூறலில் தலவாக்கலை ரோட்டில் இறங்கினோம். நீங்கள் வேகமாக ஓட்டவில்லை. ஆனால் ஒரு வளைவில் முன்பக்கம் ரோட்டைக் கவ்விக்கொள்ள, என் இருக்கைக்கு அடியில் பின்பக்கம் வெளியே நழுவியது. நீங்கள் பிரேக்கைத் தொடாமல் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி வண்டியை நேராக்கினீர்கள்.

"பாத்தியா? முன்டயரு புடிச்சிக்கிச்சு, பின்டயரு விட்டுருச்சு. இது எங் கையோட தப்பா?"

இல்லைதான் மாமா. அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

ஹட்டனில் உங்கள் கூட்டாளி ஒருவர், பாதி தேய்ந்தவையானாலும் ஒரே கம்பனியின் சரியான அளவு டயர் நான்கைக் கொடுத்தார். அவற்றை மாட்டிக்கொண்டு அதே ரோட்டில், அதே தூறலில் மறுபடி போனோம். வேறு காரில் உட்கார்ந்திருக்கிறேனோ என்று தோன்றியது. நீங்கள் திருப்பிய இடத்துக்கெல்லாம் மொத்த வண்டியும் ஒன்றாகத் திரும்பியது. சிரித்தீர்கள். வீட்டுக்குப் போனதும் உங்கள் மகனிடம் என்ன சொல்வது என்று நான் மனதுக்குள் சொல் கோத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் இடது பக்கத் தேயிலை மலையிலிருந்து கொழுந்துச் சாக்குகளோடு பெண்கள் ரோட்டில் இறங்கினார்கள். நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். இப்போது வேகத்தைக் குறைப்பீர்கள், இப்போது குறைப்பீர்கள் என்று இருந்தேன். நீங்கள் குறைக்கவில்லை.

"மாமா! ஆளுங்க!"

பிரேக்கை மிதித்தீர்கள். வண்டி துளியும் விலகாமல் நேராக நின்றது. முன்னால் வந்த அம்மாவின் கை பொனட்டின் மேல் இருந்தது. அந்த வேன் டயர்களாக இருந்தால் சுழன்றுபோய் அத்தனை பேரையும் இழுத்திருக்கும். அந்த அம்மா திட்டக்கூட இல்லை. "பாத்து வாங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாக்கைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

வைப்பர் ஓடிக்கொண்டேயிருந்தது. மெதுவாகக் கேட்டீர்கள்:

"எந்தப் பக்கத்திலேருந்து புள்ள வந்தாங்க?"

நீங்கள் இறங்கி, காரைப் பிடித்தபடி சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்தீர்கள்.

"தள்ளி உக்காரு. நீ ஓட்டு. கொஞ்ச நாளாவே இடது கண்ணுல பொக மாதிரி இருக்கு."

வழியெல்லாம் கெஞ்சினேன், உங்கள் மகனிடம் சொல்லிவிடலாம் என்று.

"வேணாம் புள்ள. அவன் அலைஞ்ச அலைச்சலுக்கு, கொல்லப் பாக்குறியான்னு கேட்டுப்புட்டேன். இப்ப கண்ணுதான்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சொல்லுவேன்?"

கண் டாக்டரிடம் வந்தால் வாயைத் திறக்கமாட்டேன் என்றேன். வந்தீர்கள். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். மருந்துப் போத்தலை என் கைப்பையில்தான் வைத்திருந்தேன். ஆனால் டாக்டரிடம் போவதற்கு முன்பே, ரோட்டிலிருந்து திரும்பிய அன்று மாலையே, நீங்கள் சாவியை மேசையில் வைத்துவிட்டீர்கள். "அந்த வேன் டயர்ல போனதுலேருந்து மனசு விட்டுப்போச்சுடா. இனி இவ ஓட்டட்டும்." உங்கள் மகன் சாவியை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நீங்கள் நெஞ்சுச் சளியில் படுத்து எழுந்திருக்காமலே போனபோதும், அந்தச் சாவியைத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

இன்று கடைக்காரர் கடைசிச் சக்கரத்தை முடுக்கிக்கொண்டிருக்கையில் சொல்லிவிட்டேன் மாமா. டயரும் பிசகுதான், ஆனால் நீங்கள் காரை விட்டது கண்ணால் என்று சொன்னேன். கொழுந்துச் சாக்கு அம்மாவைப் பற்றியும் சொன்னேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இதைத்தான்:

"எந்தக் கண்ணு?"

"இடது."

பக்கத்திலிருந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"சாப்பாட்டு மேசைல அவருக்கு எடது கைப்பக்கந்தானே நான் உக்காருவேன்" என்றார். "கோவத்துல எம் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குறாருன்னுல்ல நெனச்சேன்."

உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். ஆனால் மாமா, இதை மட்டும் எனக்கு யார் சொல்வார்கள்? "அப்ப எம் மேல கோவமே இல்லையா?" என்று அவர் கேட்டார். பாதி நாள் உங்களுக்குக் கோபம்தானா, பாதி நாள் கண்தானா என்று இப்போது நானும் ஒவ்வொரு சாப்பாட்டு வேளையாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண்தான் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். முழுக்கக் கண்தான் என்று.