மணி இல்லாத பெட்டி

இன்று காலை என் பட்டறையில் இருக்கும் உங்கள் அலாரப் பெட்டிகளில் ஒன்றின் மூடியைக் கழற்றினேன், அக்கா. உள்ளே, மணிக்குப் பின்பக்க மூலையில், ஒரு அட்டைத் துண்டு மெல்லிய கம்பியால் கட்டப்பட்டிருந்தது. சிங்களத்தில் இரண்டு வரி, கீழே ஓர் இலக்கம், மங்கிய முத்திரை. பொலிஸ்காரர் கட்டியது. பதினேழு பெட்டிகளிலும் இருந்ததை எல்லாம் அறுத்து எறிந்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்று தப்பிவிட்டது. குறடு எடுத்துக் கம்பியை அறுத்தேன். முதல் வெட்டு தவறியது, இரண்டாவதில்தான் அறுந்தது. கோபம் வந்தால் என் கைக்கு நிதானம் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படி எத்தனை எழுத்தைக் கோணலாக்கி உங்களிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

நீங்கள் முதன்முதலாக நானாட்டானில் என் பட்டறைக்கு வந்த நாளில், நான் ஓர் உழவு இயந்திரத்தின் மூடிக்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸால் இறங்கி, உரப்பை ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தீர்கள். பைக்குள் துருப்பிடித்த இரும்புப் பெட்டி.

"இது என்ன, பழைய ரேடியோவோ?" என்று கேட்டேன்.

"கள்ளன் வந்தால் அடிக்கிற மணி, தம்பி. உள்வேலை எல்லாம் நான் பார்த்திட்டன். மேலால பெயின்ற் அடிச்சு, அந்த எழுத்தையும் அப்பிடியே எழுதித் தாங்கோ."

எழுத்தில் பாதியைத் துரு தின்றிருந்தது. அதற்கும் நீங்கள் வழி வைத்திருந்தீர்கள். எஞ்சிய கோடுகளை எண்ணெய்த்தாளில் பிரதி எடுத்து, மிச்சத்தை நிரப்பிக் கொண்டுவந்திருந்தீர்கள். தீவில், ஓலைத்தொடுவாயில் இருந்து பாலம் கடந்து இவ்வளவு தூரம் ஏன் என்று கேட்டதற்கு, "தீவுக்குள்ள கேட்டன், எல்லாரும் சிரிச்சவை" என்றீர்கள். நானும் சிரிக்கத்தான் இருந்தேன். அந்தப் பதிலுக்குப் பிறகு சிரிக்க முடியவில்லை.

உங்கள் கதையை மூன்றாவது பெட்டி வந்தபோதுதான் சொன்னீர்கள். கூட்டுறவுக் கந்தோரில் நீங்கள் கிளாக்காக இருந்த காலம். சுவரில் இருந்த அலாரத்தின் சாவி உங்கள் பொறுப்பு. ஊரே இடம்பெயர்ந்த நாளில் யாரோ கந்தோர்க் கதவை உடைக்க, மணி அடிக்கத் தொடங்கியது. நீங்கள் அம்மாவோடு படகில் ஏறி இருந்தீர்கள். சாவி கைப்பைக்குள். கரை மறையும் வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது கந்தோரில் கூரை இல்லை. பெட்டி மட்டும் சுவரில் தொங்கியது. கேட்டு வாங்கி வந்தீர்கள். அதுதான் முதலாவது. பிறகு மூடிய வங்கிக் கிளை, இடித்த சங்கக்கடை, பழைய இரும்புக்காரரின் குவியல் என்று எங்கே அப்படி ஒரு பெட்டி கண்டாலும் விடவில்லை.

உள்ளே குளவிக் கூடு இருக்கும். உப்புக்காற்று திருகாணிகளை விழுங்கியிருக்கும். மண்ணெண்ணெயில் மூன்று நாள் ஊறவைப்பீர்கள். எரிந்துபோன கம்பிச் சுருளைப் பிரித்து, சுற்றை எண்ணி, புதிய செப்புக் கம்பியைக் கையாலேயே சுற்றுவீர்கள். கடைசியில் பற்றரி கொடுத்ததும் சுத்தியல் துடிக்கும். என் பட்டறைத் தகரம் முழுவதும் அதிரும். வயலால் வந்து வாங்குப் பலகையில் காத்திருக்கும் கமக்காரர்கள் காதைப் பொத்துவார்கள். நீங்கள் மட்டும் நிமிர்ந்து பார்ப்பீர்கள்.

அந்த நகைக்கடைக்கு நாம் போனது எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. கடைச் சுவரில் பழைய பெட்டி ஒன்று இருக்கிறது, வந்து பாருங்கள் என்று முதலாளிதான் உங்களை அழைத்தார். நான் ஏணியைப் பிடித்தேன். நீங்கள் ஏறி மூடியைக் கழற்றினீர்கள். உள்ளே ஒரு குருவிக்கூடும், வெட்டிய இரண்டு வயர்த் துண்டும். வேறு ஒன்றும் இல்லை.

"முதலாளி, இது வெறுங்கூடு. மணியை ஆரோ எப்பவோ கழட்டிப்போட்டினம்."

"பெட்டி வெளியில தெரிஞ்சால் காணும், அக்கா. உள்ளுக்குள்ள என்ன இருக்கெண்டு கள்ளனுக்குத் தெரியுமே?"

"என்னட்டை மேலதிகமா ஒரு மணி இருக்கு. சும்மா பூட்டித் தாறன்."

"பிறகு பார்ப்பம்."

இவ்வளவுதான் நடந்தது. நான் ஏணியடியில் நின்று என் இரண்டு காதாலும் கேட்டேன்.

அடுத்த வருடம் அந்தக் கடை உடைக்கப்பட்டது. முதலாளி பொலிஸில் சொன்னது என்ன? அலாரம் நன்றாகத்தான் இருந்ததாம். ஓலைத்தொடுவாய் அக்கா வந்து திறந்து பார்த்தாவாம். அதன் பிறகு அது அடிக்கவில்லையாம். காவலில்லாத கடையை வைத்திருந்தேன் என்று தன் வாயால் ஒப்புக்கொள்ள அந்த மனிதனுக்கு வெட்கம். அந்த வெட்கத்தை மறைக்க அறுபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தியின் பெயர் போதுமாக இருந்தது.

பகல் பதினொரு மணிக்கு ஜீப் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வேலியோரம் நின்றார்கள். ஒரு பெண்பிள்ளை தனியாக இருந்துகொண்டு இத்தனை அலாரம் எதற்கு வைத்திருக்கிறாள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டாராம். "சேர்க்கிறன்" என்றீர்களாம். முத்திரை சேர்த்தால் கெட்டித்தனம், காசு சேர்த்தால் கௌரவம். அலாரப் பெட்டி சேர்த்தால் வயர் அறுக்கப் பழகுகிறாள் என்று அர்த்தம்! பெட்டிகளை ஏற்றினார்கள். உங்களையும் ஏற்றினார்கள். மாலை வரை ஒரு வாங்கில் இருத்தி, ஒரே கேள்வியை ஐந்து பேர் மாறி மாறிக் கேட்டார்கள்.

மறுநாள் நான் பொலிஸுக்குப் போனேன். "நான் பக்கத்தில நிண்டனான், ஐயா. பெட்டிக்குள்ள மணி இருக்கேல்லை" என்றேன். மேசையில் இருந்தவர் பேனையைக்கூடத் தொடவில்லை.

"நீங்க அந்த அக்காவுக்குப் பெயின்ற் அடிக்கிற ஆள்தானே? தேவைப்பட்டா கூப்பிடுவம். போங்க."

போனேன். இதைத்தான் நான் உங்களிடம் முழுதாகச் சொல்லவில்லை, அக்கா. "வாக்குமூலம் எடுக்கேல்லை" என்று மட்டும் சொன்னேன். எடுக்கும் வரை நின்றிருக்கலாம். மறுநாளும் போயிருக்கலாம். நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, பாப்பாமோட்டையில் இருந்து வந்திருந்த உழவு இயந்திரப் பெட்டி வண்டி ஒன்றுக்குப் பச்சை அடித்தேன். இந்த மண்ணில் பொலிஸ் வாசலை இரண்டாம் முறை மிதிப்பதற்கு எங்களுக்கு இருக்கும் பயம் உங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் நீங்கள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் சுடுகிறது.

ஒரு மாதத்தில் உண்மைக் கள்ளர்கள் வேறு மாவட்டத்தில் பிடிபட்டார்கள். கூரை ஓடுகளைக் கழற்றி இறங்கினோம், அலாரத்தின் பக்கமே போகவில்லை என்றார்கள். உங்களிடம் வந்து அதைச் சொல்ல ஒருவருக்கும் காலில்லை. பெட்டிகள் திரும்பி வந்தன. லொறியில் இருந்தபடியே மணலில் தள்ளிவிட்டுப் போனார்கள். ஆறு மூடி நெளிந்துபோயிருந்தது. அதற்குள் வேதக்கோயில் சபைக்காரர் வந்து, இருபது வருடம் உங்கள் கையில் இருந்த கோயில் சாவியை வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். "கொஞ்ச நாளைக்கு எங்களிட்டை இருக்கட்டும், அக்கா. சனம் கதைக்குது." சனம் கதைப்பதை நிறுத்தியது. சாவி திரும்பி வரவில்லை.

நீங்கள் அழுததை நான் காணவில்லை. நெளிந்த மூடிகளை உரப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி பஸ் ஏறினீர்கள். மரச்சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்தினோம். ஆறாவது மூடியை நிமிர்த்தி முடித்த அன்று, "வாங்கோ தம்பி, நகைக்கடைக்குப் போவம்" என்றீர்கள்.

முதலாளி எழுந்து கதிரை இழுத்துப் போட்டார். நீங்கள் இருக்கவில்லை.

"நான் களவெடுத்தனான் எண்டு நீங்கள் சொல்லேல்லை. மணி இருந்தது எண்டு சொன்னீங்கள். அதைத்தான் மாத்திச் சொல்லச் சொல்லுறன். மணி இருக்கேல்லை எண்டு. அங்க போய், அதே மேசையில சொல்லுங்கோ."

"முடிஞ்ச கதை, அக்கா. ஆக்களைப் பிடிச்சாச்சுத்தானே. தேத்தண்ணி குடியுங்கோ."

நீங்கள் திரும்பி வெளியே நடந்தீர்கள். பஸ் பாலத்தைக் கடக்கும்போது, "தேத்தண்ணியாம்" என்றீர்கள்.

ஏழு மாதம் கழித்து நீங்கள் போய்விட்டீர்கள். இதனால்தான் என்று நான் சொல்லமாட்டேன். சர்க்கரை இருந்தது, இருதயமும் பழுது என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் அந்த ஏழு மாதமும் நீங்கள் பூசைக்குப் போய்க் கடைசி வாங்கில் இருந்தீர்கள் என்பதை நான் மறக்கமாட்டேன்.

சேமக்காலையில் உங்களைக் குழிக்குள் இறக்குவதற்கு முன்னால் முதலாளி வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பெரிய மலர்வளையம். சனம் விலகி வழிவிட்டது. அவர் குனிந்து அதை வைக்கப் போகையில் நான் முன்னால் போய் நின்றேன். ஊர்ச் சனம் முழுவதும் நின்றது. சபைக்காரரும் நின்றார்கள்.

"வைக்கலாம், முதலாளி. ஒண்டு சொல்லிப்போட்டு வையுங்கோ. அந்தப் பெட்டிக்குள்ள மணி இருந்ததோ, இல்லையோ?"

"இந்த இடத்திலயே, தம்பி?"

"இந்த இடத்திலதான்."

யாரோ என் தோளைப் பிடித்தார்கள். பிடித்தவரிடம் உங்கள் தங்கச்சிதான், "விடுங்கோ, அவர் சொல்லட்டும்" என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு சனத்தைப் பார்த்தார்.

"இல்லை," என்றார். "மணி இருக்கேல்லை."

சத்தம் குறைவுதான். ஆனால் பின்வரிசை வரை கேட்டது. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். சபைக்காரர் ஒருவர் குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த திங்கட்கிழமை நான் பொலிஸுக்கு இரண்டாம் முறை போனேன். மேசையில் வேறு ஆள். வாக்குமூலம் எழுதும் வரை எழும்பமாட்டேன் என்று இருந்தேன். பிற்பகல் மூன்றரைக்கு எழுதினார்கள். சிங்களத்தில் எழுதியதைத் தமிழிலும் எழுதக் கேட்டேன். எழுதினார்கள். கையொப்பம் வைத்தேன். ஓர் எழுத்தும் கோணவில்லை.

மனம் ஆறும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள், அக்கா. எனக்கு ஆறவில்லை, ஆற வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. அந்த ஓர் 'இல்லை'யை அந்த மனிதன் உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். உயிரோடு இருந்த உங்களுக்குத் தேத்தண்ணி. உயிர் போன உங்களுக்குத்தான் உண்மை. நீங்கள் காதால் கேட்க வேண்டியதை நான் கேட்டு வைத்திருக்கிறேன். உங்கள் பெயரை அந்தக் களவோடு சேர்த்து எந்தச் சந்தியில், எந்தப் பஸ்ஸில், யார் கதைத்தாலும் நான் எழும்பி நின்று 'மணி இருக்கேல்லை' என்று சொல்கிறேன். போன கிழமையும் சொன்னேன்.