சீல் வைத்த அறையில் அழுகை

12 ஜூன் 2006, திங்கள்

கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து மாதங்கள் ஓடிவிட்டன. வியர்வையும் வங்காள மொழியும் மட்டும் இன்னும் பழகவில்லை.

இன்று கிடர்பூர் துறைமுகத்தில், எங்கள் கஸ்டம்ஸ் ஷெட்டில், ஒரு விநோதச் சரக்கு. ஜப்பானில் ஓட்டிக் கழித்த பச்சிங்கோ மிஷின்கள். இரும்புக் குண்டுகளை மேலே ஏவினால் ஆணிகளில் முட்டி முட்டி இறங்குகின்றன. நடுவே சின்னத் திரை. வம்பே அதில்தான், எல்லாம் பேய்ப்படம். குண்டு சரியான குழியில் விழுந்தால், முகமெல்லாம் முடி தொங்க ஒருத்தி வந்து அழுகிறாள். காசு கொடுத்து இதை ஆடுவார்களா?

இறக்குமதிக்காரர் விளையாட்டுச் சாமான் என்கிறார். எங்களுக்குச் சூதாட்டக் கருவியோ என்று சந்தேகம். அவருடைய ஆள் ஒன்றை ஓட்டிக் காட்டும்போதே கரண்ட் போய்விட்டது. லைன் பழுதாம், நாளைக்குத்தான் வருமாம். அறையைப் பூட்டி சீல் வைத்தாயிற்று. இனி மேலதிகாரி உத்தரவும் சாட்சியும் இல்லாமல் யாரும் திறக்கக் கூடாது.

13 ஜூன்



மத்தியானம் ஷெட் வாட்ச்மேன் ஹரிபதோ தலைதெறிக்க ஓடி வந்தார். "ஸார்! பித்தரே பேத்னி! காந்ச்சே!"

பித்தரே என்றால் உள்ளே. காந்ச்சே என்றால் அழுகிறாள். அதுவரை தெரியும். பேத்னி? பேத்திதானே! கிழவரின் பேத்தி எப்படியோ உள்ளே மாட்டிக்கொண்டது என்றுதான் நினைத்தேன். வேறென்ன நினைப்பேன்?

ஓடினேன். பூட்டிய கதவுக்குப் பின்னால் அழுகுரல். சத்தியமாகப் பெண்பிள்ளை குரல். இந்த வெக்கையில், ஜன்னல் இல்லாத அறையில்! சாவி மேலதிகாரியிடம், அவர் போன் எடுக்கவில்லை. கூலிக்காரர்கள் தூர நின்று கும்பிடுகிறார்கள், ஒருத்தன் கிட்டே வரவில்லை. "மனுஷங்களாடா நீங்க!" என்று தமிழிலேயே கத்திவிட்டு, கடப்பாரையால் பூட்டையும் சீலையும் உடைத்தேன்.

உள்ளே பிள்ளை இல்லை. கரண்ட் வந்திருந்தது. நேற்று ஓட்டிக் காட்டிய படுபாவி, பிளக்கைப் பிடுங்காமலே போயிருக்கிறான். மிஷின் தானாகவே ஓடி, திரையில் அந்த முடிக்காரி அழுதுகொண்டிருந்தாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை இல்லை. அப்பாடா, பிள்ளை இல்லை! சிரிப்பாக வந்தது. வாசலில் நின்றபடி ஹரிபதோ விளக்கினார்: பேத்னி என்றால் பெண்பேய். பேத்திக்கு இங்கே நாத்னி.

அப்புறம்தான் கையில் இருந்த சீல் துண்டைப் பார்த்தேன்.

14 ஜூன்

மெமோ வந்துவிட்டது. நான் தனியாக அறையைத் திறந்தேன், சாமான் காணவில்லை என்று இறக்குமதிக்காரர் புகார். சஸ்பென்ஷன் நிச்சயம் என்கிறார்கள். வேலையே போனால்?

என் மனைவி சரிதா, "நடந்ததை அப்படியே சொல்லுங்க. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க" என்கிறாள். நம்ப வேண்டுமே!

18 ஜூன்

சாப்பாடு இறங்கவில்லை. ரசத்தில் உப்பு இருந்ததா என்று கேட்டாள், தெரியவில்லை.

22 ஜூன்

விசாரணை. விசாரணை அதிகாரி தாஸ்குப்தா மேடம் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "பேத்னி தெரியாதா, ஜெயக்குமார் பாபு?" என்றார்.

"தெரியாது மேடம். எங்க ஊர்ல பேத்தின்னா மகனோட பொண்ணு, மகளோட பொண்ணு." ஸ்டெனோவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கு அழுகை முட்டியது.

பிறகு ஹரிபதோவைக் கூப்பிட்டார்கள். அவர் சொன்னது எனக்குப் பாதிதான் புரிந்தது, மீதியை ஸ்டெனோ சொன்னார். "பேய்னு நெனச்சு நாங்க எல்லாரும் ஓடினோம். குழந்தைன்னு நெனச்சு இவர் ஒருத்தர்தான் உள்ள போனார். குழந்தை என்னோடதுன்னு நெனச்சார், மேடம்."

 சாமான்களை எண்ணிப் பார்க்க உத்தரவு.

28 ஜூன்

எல்லாம் சரியாக இருக்கிறதாம். எழுத்தில் ஓர் எச்சரிக்கை, அவ்வளவுதான். வேலை பிழைத்தது! பவானிபூர் வீடு வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலி தெரியவில்லை.

சரிதா பாயசம் கிண்டிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, பேய்னு சரியாப் புரிஞ்சிருந்தா உள்ள போயிருப்பீங்களா?"

"நானா? ஹரிபதோவை முந்திக்கிட்டு ஓடியிருப்பேன்."

நல்லவேளை, மேடம் இதைக் கேட்கவில்லை.