பின்சீற்றில் அண்ணை

11.1.72 செவ்வாய்

மடத்துவெளியில் ஐந்து கிணறுகளுக்கு மருந்து போட்டேன். இரண்டு கிணற்றில் தண்ணீர் உப்புச் சவர். திரும்பி வர, அண்ணையின் மனுசி, மச்சாள், வாசல் படலையில் கடிதத்தோடு நின்றா.

எழுதியவர் அப்புத்தளைத் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் அருளப்பு. ஊர்காவற்றுறை ஆள், கூட்டிக் குறைத்து எழுதமாட்டார். அண்ணைக்கு ஒரு மாதமாக நித்திரை இல்லையாம். பதினொரு வருஷம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிற மனுஷன், ஆரோ தன்னைப் பிடிக்க வருகினம் என்று சொல்கிறாராம். றெயிலில் ஏற்றி விட்டிருக்கிறார்கள். அடுத்த ஸ்ரேசனில் குதித்து, தண்டவாளத்தால் நடந்தே திரும்பிவிட்டாராம். கார், பஸ், கதவு வைத்த எதிலும் ஏறமாட்டாராம். "அங்கொடைக்கு அனுப்பச் சொல்லி தோட்டத் துரை சொல்கிறார். அதற்கு முன் ஒருதரம் வந்து பாரும்."

அங்கொடை. அந்தப் பைத்திய ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பின ஒருவரையும் எனக்குத் தெரியாது.

மச்சாள் அழவில்லை. "எப்பிடி இருந்தாலும் இஞ்சை கொண்டுவாங்கோ தம்பி. அங்கை மட்டும் விட்டிடாதையுங்கோ" எண்டா. ஓம், சத்தியம் எண்டனான்.

மோட்டார் சைக்கிளில்தான் போகவேணும். அதுக்குத்தான் கதவு இல்லை.

12.1.72

சுகாதாரப் பகுதியில் லீவு எழுதிக் கொடுத்தேன். செயினுக்கு எண்ணெய் விட்டேன். அண்ணையின் மகள் அன்னம் வந்து பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழு வயது. "அப்பா பொங்கலுக்கு வருவாரோ சித்தப்பா?" பொங்கலுக்கு ஏலாது, பிறகு வருவார் என்றேன்.

13.1.72 வியாழன்

விடிய வெளிக்கிட்டு இப்போது மாத்தளை. ஒரு சாப்பாட்டுக் கடை வாங்குப் பலகையில் இருந்து எழுதுகிறேன்.

ஆனையிறவில் காற்று சைக்கிளைத் தூக்கித் தூக்கி வைத்தது. இரண்டு பக்கமும் வெளி, உப்பு, தண்ணீர். ஒரு மரம் இல்லை. மாங்குளத்துக்குப் பிறகு மைல் கணக்காகக் காடு, வீடு இல்லை, எதிரே ஒரு லொறி இல்லை. இவ்வளவு தூரம் தனியே ஓடியதில்லை. ஓடஓட ஒன்றுதான் யோசனை: அண்ணையை இதால் எப்படிக் கொண்டுவரப் போகிறேன்?

மூன்று இடத்தில் பொலிஸ் மறித்தது. போன சித்திரையில் சிங்களப் பொடியள் பொலிஸ் ஸ்ரேசன்களை அடித்த குழப்பத்துக்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் வாற இளந்தாரி எல்லாரும் அவர்களுக்குச் சந்தேகம்தான். எனக்குச் சிங்களம் நாலு சொல்லுக்கு மேல் வராது.

15.1.72

நேற்று முழுக்க மலை. றம்பொடையில் வளைவுக்கு மேல் வளைவு. பத்து யார் தூரம்கூட முன்னுக்குத் தெரியாத பனிப்புகார். பொழுதுபட வந்து சேர்ந்தேன்.

அண்ணை ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். முகம் வழித்து, வெள்ளைக் கோட்டுக்கு எல்லாப் பொத்தானும் பூட்டி. ஒன்றும் இல்லைப் போலிருந்தது. "ஏன்ரா நனைஞ்சு வந்தனீ?" என்று என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். பிறகு காதுக்குள்: "உனக்குப் பின்னாலை ஆர் வந்தது?"

ஒருதரும் இல்லை அண்ணை எண்டனான். அவர் நம்பேல்லை.

தோட்டத்து லயங்களில், தொழிலாளர் வீடுகளில், இன்று பொங்கல். ஒருவர் கொண்டுவந்து தந்த பொங்கலை அண்ணை மணந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

16.1.72 ஞாயிறு

காலையில் அண்ணை தானாகவே வந்து பின்சீற்றில் ஏறி இருந்தார். அருளப்பு தான் உடுக்கிற சாரம் ஒன்றால் அவரையும் என்னையும் இடுப்போடு சேர்த்துக் கட்டினார். "கட்டாமல் கொண்டுபோகாதையும் ஐசே. எனக்கு மனம் இல்லை, எண்டாலும் கட்டத்தான் வேணும்."

றம்பொடை இறக்கத்தில் தொடங்கியது. "வாறாங்கள், விரைவா ஓடு." நான் மெதுவாக்க மெதுவாக்க முதுகில் அடிக்கிறார். வளைவில் நான் ஒரு பக்கம் சரிய அவர் மற்றப் பக்கம் சரிகிறார். ஒருதரம் எழும்பியும் நின்றார். இடப்பக்கம் பள்ளம். விழுந்தால் இரண்டு பேரும்தான். "அண்ணை இருங்கோ, அன்னத்தை நினையுங்கோ, இருங்கோ" எண்டு கத்தினேன். என்ன கத்தி என்ன?

ஒரு தண்ணீர் விழுகிற இடத்தில் நிறுத்தி, சாரத்தை அவிழ்த்துவிட்டு மதகில் இருந்து அழுதேன். முப்பத்தொரு வயதில், றோட்டுக் கரையில். ஏதும் செய்யட்டும், ஓடட்டும், எனக்கு ஏலாது எண்டு இருந்தது. அவர் ஓடவில்லை. பக்கத்தில் வந்து இருந்து, என் தலையில் இருந்த தண்ணீரைத் தன் கோட்டால் துடைத்துவிட்டார்.

17.1.72

மதவாச்சியில் பொலிஸ். தோளில் துவக்கோடு இரண்டு பேர். எங்களைத் திரும்பவும் சேர்த்துக் கட்டியிருந்ததைக் கண்டதும் இறங்கச் சொன்னார்கள். எனக்குச் சிங்களத்தில் சொல்லத் தெரியவில்லை. அண்ணை கட்டை அவிழ்த்து இறங்கி, நல்ல சிங்களத்தில், ஆறுதலாகப் பேசினார். "அசனீப்பாய்" என்ற ஒரு சொல்தான் எனக்கு விளங்கியது. நோய் என்று அர்த்தம். சொல்லிக்கொண்டே என்னைக் காட்டினார்.

பொலிஸ்காரன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணீர் ஊற்றித் தந்தான். குடித்தேன்.

18.1.72

வீடு. மச்சாள் சுடுதண்ணீர் வைத்தா. என் முதுகெல்லாம் அவர் அடித்த கண்டல்.

3.2.72

யாழ்ப்பாணத்து டொக்டர் நித்திரைக்கும் பயத்துக்கும் குளிசை தந்து இரண்டு கிழமை. அண்ணை நித்திரை கொள்கிறார். நேற்று அன்னத்துக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார். மச்சாள் சிரித்ததை இன்றுதான் கண்டேன்.

12.2.72

பழையபடி. வேலிக்கரையில் நின்று றோட்டைப் பார்க்கிறார். குளிசை குடிக்கிறார்தானே என்று மச்சாளிடம் கேட்டேன். தன் கையாலேயே கொடுக்கிறாவாம்.

20.2.72 ஞாயிறு

அன்னத்துக்குக் காய்ச்சல். மச்சாள் கிணற்றடிக்குப் போன நேரம் அண்ணை மருந்து கொடுத்திருக்கிறார். தான் குடியாமல் நாக்குக்குக் கீழ் ஒளித்துச் சேர்த்த குளிசைகள். அரைத்து, தேனில் கலந்து. எத்தனை எண்டு அவருக்கே தெரியாது.

பிள்ளையைத் தூக்க, துணிமாதிரிக் கிடந்தாள். மச்சாள் பின்சீற்றில் மடியில் வைத்திருக்க ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வேலணை றோட்டு முழுக்க "மூச்சு இருக்கோ மச்சாள், மூச்சு இருக்கோ" எண்டு கேட்டபடி.

22.2.72

நேற்றுப் பின்னேரம் கண் திறந்தாள். தண்ணி கேட்டாள்.

அண்ணை என்னிடம் கேட்டது: "காய்ச்சல் விட்டிட்டுதோ?"

24.2.72

மச்சாள் குசினிக்குள் அடுப்படியில் நின்றபடி சொன்னா. என் முகத்தைப் பார்க்கவில்லை. "தம்பி, கொண்டுபோங்கோ."

அங்கொடைக்குத்தான் சொல்கிறா. இவவிடம் சத்தியம் செய்தவன் நான். அந்தச் சத்தியத்தைத் திருப்பித் தந்தவவும் இவதான். அண்ணையில் கோபிக்க ஏலுமோ? பிள்ளையைச் சுகப்படுத்தத்தானே கொடுத்தார். ஆரிலே கோபிக்கிறது?

28.2.72 திங்கள்

வெளிக்கிட்டோம். இப்போது வவுனியாவில் நிற்கிறோம். இந்தமுறை கட்டவில்லை. சாதுவாக இருந்து வருகிறார்.

"எவ்வளவு தூரம் போறம்?" என்று கேட்டார்.

"கொழும்புப் பக்கம், அண்ணை. இருநூற்றைம்பது மைலுக்குக் கிட்ட."

"நீ களைச்சுப் போவாய்ரா. இடையிலை நிப்பாட்டி நிப்பாட்டி ஓடு."

2.3.72

தனியே வந்து சேர்ந்தேன். பின்னால் பாரம் இல்லாமல் பண்ணைப் பாலத்தில் நேரே ஓட முடியவில்லை.

மச்சாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "விட்டிட்டு வரேக்கை சாப்பிட்டுக்கொண்டிருந்தவரோ?"

"ஓம் மச்சாள். சோறும் மீனும். நல்லாச் சாப்பிட்டவர்."

நான் காணவில்லை. கடதாசியில் கையெழுத்து வைத்துவிட்டு நிமிர, இரண்டு பேர் அவரைக் கூட்டிக்கொண்டு விறாந்தையின் அந்தக் கடைசித் தொங்கலுக்குப் போய்விட்டார்கள்.