டபுள் சொன்னால் அது கிடையாது

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம். நீயும் உன் அண்ணன் வீட்டில் நலமாகவே இருப்பாய். அங்கே உன்னை ஏன் எதற்கு என்று கேட்க ஆளில்லை. எத்தனை தடவை கூப்பிட்டாலும் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் பேனாவைத் தொட்டேன். பாதியில் கசக்கி எறியாமல் கடைசிவரை படி.

வீட்டில் ஒரு குறையும் இல்லை. மாடிக் குழாய் ஒழுகியதை ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டேன். பிளம்பர், "அம்மா எங்க சார்?" என்று கேட்டான். உடம்பு சரியில்லை என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்ஜ் சீட்டாட்டக் கிளப்பின் இறுதி ஆட்டத்தில் என் ஜோடியாக உட்கார்ந்து நீ என் மானத்தை வாங்கியதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நான் 'ஒரு நோ டிரம்ப்' என்று ஏலத்தைத் தொடங்கினேன். எதிரணியில் அந்தப் பல் டாக்டர் அதை எதிர்த்து 'டபுள்' என்றாள். நீ 'இரண்டு கிளாவர்' என்றாய். அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் என்னைக் கேட்டாள். கேட்க அவளுக்கு உரிமை உண்டு. ஆட்டினோ ஸ்பேடோ என்னிடம் நாலு சீட்டு இருக்கிறதா என்று என் மனைவி விசாரிக்கிறாள் என்றேன். அப்படியானால் ஆட்டின் உன்னிடம் இருக்கும் என்று பயந்து அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நல்ல ஆட்டின் எல்லாம் அவர்கள் கையில்தான் இருந்தது. நாலு சீட்டு இல்லை என்று நான் பதில் ஏலம் சொல்ல, நீ மறுபடி கிளாவரையே கேட்டு மூன்று கிளாவரில் ஏலம் நின்றது, கோப்பை நமக்கு என்று ஆயிற்று. அதோடு நீ சும்மா இருந்திருக்கலாம். சீட்டைக் கீழே வைத்துவிட்டு நாலு பேர் முன்னால், "டபுள் சொன்னா அது கிடையாதுன்னுதானே நாம பேசினோம்? நான் எங்கே விசாரிச்சேன்? எங்கிட்ட வெறும் கிளாவர்தானே இருந்துச்சு" என்றாய்.

அவள் கமிட்டியில் புகார் கொடுத்துவிட்டாள். கோப்பை செயலாளரின் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. சட்டம் உனக்கே தெரியும். நமக்குள் பேசிக்கொண்டதை நான் சரியாகச் சொல்லி, நீ மறந்துபோய் மாற்றி ஏலம் கேட்டிருந்தால் குற்றமில்லை. மறதிக்குத் தண்டனை கிடையாது. நான் தப்பாக விளக்கியிருந்தால் கோப்பையும் போகும், என் கேப்டன் பதவியும் போகும்.

நாம் பேசிக்கொண்டது நீ சொன்னதுதான். நான் ஷேவ் செய்துகொண்டிருந்தேன், நீ துண்டும் கையுமாகக் கதவருகே நின்று கேட்டாய். டபுள் சொன்னால் அது கிடையாது, உன் கிளாவரைச் சொல்லித் தப்பித்துக்கொள் என்றேன். நான் மறுக்கவில்லை. ஆனால் குளியலறையில் மூன்றாவது ஆள் யார் இருந்தது?

ஆகவே நீ மறந்துவிட்டாய் என்று கமிட்டியில் சொன்னேன். செயலாளர் லேசில் நம்பவில்லை. "பூகோள டீச்சருக்கா மறதி? எம் பையனோட பழைய மார்க்கை இன்னும் ஒப்பிப்பாங்களே" என்று சிரித்தார். வெறுமனே சொன்னால் எடுபடாது என்று தெரிந்தது. கொஞ்ச நாளாகவே உனக்கு ஞாபகம் தடுமாறுகிறது என்றேன். பால் பொங்கி அடுப்பு அணைந்து, சமையலறை முழுக்க கேஸ் நாற்றம் அடித்ததைச் சொன்னேன். அன்று பாலை வைத்தது நான்தான் என்று கிளம்பிவிடாதே. யார் வைத்தால் என்ன, பால் பொங்கியது நிஜம்.

இப்படிப்பட்ட பேச்சு ஓரிடத்தில் நிற்காது. செயலாளரின் மனைவி நம் மகளிடம் விசாரித்திருக்கிறாள். மகள் பதறிப்போய் எனக்குப் போன் செய்தாள். கமிட்டியிடம் ஒன்று, அவளிடம் ஒன்று என்று மாற்றிப் பேச முடியுமா? ஆமாம் என்றேன். வேலைக்குத் திரும்பும்போது குழந்தையை உன்னிடம் விடுவதாக இருந்தாள் அல்லவா, இப்போது காப்பகத்தில் இடம் கேட்டிருக்கிறாள். "பாவம்பா அம்மா, நான் இப்படிச் செஞ்சேன்னு அவங்ககிட்ட சொல்லிடாதீங்க" என்று அழுதாள். எனக்கும் வருத்தம்தான். எல்லாம் அடங்கட்டும், நானே பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன். அதற்குள் நீ முந்திக்கொண்டு எதையாவது சொன்னால், அதையும் வியாதியில்தான் சேர்ப்பாள்.

உன் அண்ணனுக்கும் சொல்லியாயிற்று. உன்னைத் தனியாக வெளியே அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நல்ல மனிதர், உடனே சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் உன்னைக் கூப்பிடுவார். அண்ணன் பக்கத்தில் இருப்பார். மறந்துவிட்டேன் என்று நீ சொன்னால் மறுநாளே மகளைக் கூப்பிட்டு, அது வெறும் அசதி என்று சொல்லிக் குழந்தையை உன் மடியில் போடுவது என் பொறுப்பு. மாற்றிச் சொன்னால், நான் இதுவரை சொன்னதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நன்றாகத் தூங்கு. உனக்கு ஒரு குறையும் வராமல் ஆண்டவன் காப்பாற்றட்டும். இத்தனை வருஷத்தில் உன்னிடம் நான் கெஞ்சியதில்லை, இப்போது கெஞ்சுகிறேன். ஞாபகம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் நலம் தவிர வேறொன்றும் வேண்டாத
கணவன்