முக்கால் டப்பாத் தீவனம்

காலையில் கூண்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன், மதினி. முயல் புழுக்கையெல்லாம் சுண்டைவற்றல் மாதிரி உருண்டை உருண்டையாய்க் காய்ந்து கிடந்தது. சந்தோஷத்தில் ஒரு கை அள்ளிவிட்டேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை. புழுக்கையைப் பார்த்து ஒருத்தி கண் கலங்கினாள் என்றால், உங்களைத் தவிர யாருக்குப் புரியும்?

கல்யாண வீடுகளில் அண்டா அண்டாவாய்ச் சமைத்த கை உங்களுடையது. ஆனால் வீட்டில், தாயை விட்டுப் பிரித்த முயல்குட்டிகளுக்கு மட்டும் முக்கால் டப்பாத் தீவனம்தான். மூன்று வாரத்துக்கு அதற்குமேல் ஒரு குருணைகூடக் கூடாது. மத்தியானத்துக்குள் கிண்ணம் காலியாகிவிடும். அதுகள் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு நம்மையே பார்க்கும்.

"ஊருக்கே பந்தி போடுறீக, இதுகளுக்கு மட்டும் கையி மடங்கிப் போகுதாக்கும்?" என்று சீண்டுவேன்.

"பந்தியில அமுக்குறவன் வீட்டுல போயி சீரகத் தண்ணி குடிச்சுக்குவான். இதுக்கு யாருத்தா காச்சிக் குடுக்குறது? நேத்து வரைக்கும் பால் குடிச்ச குடலு. பழகட்டும். பொறவு வயிறார வையி, விட்ட வளத்தியப் புடிச்சுக்கிரும்."

கேட்டேனா நான்? கண்டரமாணிக்கத்துக் கல்யாணத்துக்கு நீங்கள் நாலு நாள் போனபோது, விருந்தாளிக்கு வைப்பதுபோல் கிண்ணத்தைக் குவித்தேன். தின்னத் தின்ன வைத்தேன். நீங்கள் திரும்பி வந்தபோது வயிறு உப்பி, கழிச்சல் கண்டு, ஏழில் நாலு செத்துக் கிடந்தன.

"நாந்தேன் மதினி. பாவமா இருந்துச்சு" என்றேன்.

நீங்கள் திட்டியிருந்தால் தேவலை. மிச்சம் மூன்றுக்கும் காய்ந்த புல்லை வைத்துவிட்டு, "ஒன் பாசந்தேன் கொன்னுச்சுன்னு வெளிய சொல்லிராதத்தா, வெக்கக்கேடு" என்று சிரித்தீர்கள். சிரிக்கும்போதே குரல் உடைந்தது எனக்குக் கேட்டது.

அதனால்தான் நீங்கள் கண்ணை மூடிய பிறகு அண்ணன் கூண்டுகளை விற்கக் கிளம்பினார். "ஒன் கைக்கு இது வாழாதுத்தா."

"ஒரே ஒரு ஈத்து பாத்துக்கிறேண்ணே. ஒண்ணு செத்தாலும் வித்துருங்க."

எட்டுக் குட்டி. மூன்று வாரம். முக்கால் டப்பாவை வைத்துவிட்டு அங்கே நிற்காமல் ஓடிவிடுவேன், அதுகள் மூஞ்சியைப் பார்த்தால் கெட்டேன். அண்ணன் வேறு, "முயல் வளக்கிறியா, எலி வளக்கிறியா?" என்று கிண்டல். சின்னதாகத்தான் இருந்தன. நானும் பயந்தேன்.

போன வாரம் கொஞ்சம் கொஞ்சமாக டப்பாவை நிறைத்தேன். தினமும் எட்டு வயிற்றையும் தடவிப் பார்த்தேன். எட்டும் மெத்தென்று இருந்தன. இன்றைக்கு அண்ணன் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "என்னத்தா, இந்தக் கனம் கனக்குது!" என்றார். அப்புறம் கடைக்குப் போய்க் கம்பி வாங்கி வந்து, துருப்பிடித்த கூண்டுக் கதவைச் சரிபண்ண உட்கார்ந்துவிட்டார். விற்கிற ஆள் கதவு மாட்டுவாரா, மதினி? எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

பெரிய முயல் நேற்றிலிருந்து வயிற்று முடியைப் பிடுங்கி, பெட்டிக்குள் அடுத்த ஈத்துக்கு மெத்தை போடுகிறது. இரக்கப்படுகிற புத்தி எனக்கு இன்னும் போகவில்லை. கிண்ணம் காலியானால் கை தானாகத் தீவன மூட்டைக்குப் போகிறது. பாதி வழியில் நிறுத்தி, திட்டிக்கொண்டே திரும்பி வருகிறேன். யாரைத் திட்டுகிறேன் என்று உங்களுக்கே தெரியும்.