மூன்றேகால் மணி நேரம்

மார்ச் 2

என் வாயாடிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் நாலு பக்கம் எழுதுவாய், எழுது. தையல் கடையில் வேலை நிலைத்துவிட்டது. ஆஸ்பத்திரிச் சீருடைகளுக்குப் பொத்தான் துளை போட்டு, காஜா எடுக்கிறேன். கடிதத்தைக் கடை விலாசத்துக்கே போடு. செல்போன் வேண்டவே வேண்டாம். என் வீட்டுக்காரர் உன் போனைப் பிடுங்கிப் பார்த்ததை நான் மறக்கவில்லை.

டிக்கெட் ஆபீஸில்தானே இருக்கிறாய், ஒன்று சொல். நான் இருக்கும் இடம் தெரிந்து அவர் கிளம்பினால், இங்கே வந்து சேர எத்தனை மணி நேரமாகும்? கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் ஊசி என் விரலில் ஏறுகிறது.

அக்கா

மார்ச் 11

அன்பு அக்கா,

அவரை இனி மாமா என்று கூப்பிட மாட்டேன். ‘அந்த ஆள்’ போதும்.

கம்ப்யூட்டரில் பார்த்தேன். இரண்டாயிரத்து நூறு கிலோமீட்டர். நேர் விமானம் கிடையாது. நடுவில் இறங்கி, காத்துக் கிடந்து, வேறு விமானம் ஏற வேண்டும். மொத்தம் பதினொரு மணி நேரம். அந்த ஆள் கிளம்பினால் ஆபீஸ் போனிலிருந்து கடைக்கு அழைத்து, “துணி ரெடியா?” என்று கேட்பேன். நீ குளித்து, சாப்பிட்டு, தலையும் வாரிக்கொண்டு ஓடலாம். நிம்மதியாகத் தூங்கு.

உன் வாயாடி

ஏப்ரல் 6

வாயாடி,

அந்தப் பதினொரு மணி நேரத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் தூங்கினேன். இன்று பஸ் நிறுத்தத்தில் பெரிய விளம்பரம். நம் ஊருக்கும் இந்த ஊருக்கும் நேர் விமானமாம், தினமும். மூன்றேகால் மணி நேரமாம். எல்லோரும் சந்தோஷமாகப் படித்தார்கள். நான் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அந்த எண்ணையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

உனக்குத் தெரியாமலா இருக்கும்? ஏன் சொல்லவில்லை? நாலு பக்கக்காரி ஒரு வரிகூட எழுதாமல் இருந்தால் நான் என்னவென்று நினைப்பது?

அக்கா

ஏப்ரல் 15

அன்பு அக்கா,

டைப் அடித்திருப்பதற்குக் கோபிக்காதே. வலது கையில் மாவுக்கட்டு. கதவில் இடுக்கிக்கொண்டேன், என் கவனக்குறைவுதான்.

நீ பயப்படுவாய் என்றுதான் விமானத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அந்த ஆள் அடிக்கடி ஆபீஸுக்கு வருகிறார். “எந்த ஊருக்கு டிக்கெட் போட்டுக் குடுத்தே?” என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார். “எனக்கென்ன தெரியும்?” என்று சொல்லிவிட்டேன். சொல்லவே மாட்டேன் அக்கா. நீ அங்கேயே இரு. கொஞ்ச நாளைக்கு எழுதாதே.

தங்கை

ஏப்ரல் 22

வாயாடி,

கதவில் இடுக்கிக்கொண்டேன், என் கவனக்குறைவு. இதையேதான் ஏழு வருஷமாக டாக்டரிடமும் பக்கத்து வீட்டிலும் உன்னிடமும் நான் சொன்னேன். அது எந்தக் கதவு என்று எனக்குத் தெரியாதா?

எனக்கும் அவருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். உனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மேஜைதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லையடி.

கடை முதலாளியம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “அவளையும் கூட்டிட்டு வா, மேல் ரூம் சும்மாத்தான் கிடக்கு” என்றார். மே மூன்றாம் தேதி அந்த நேர் விமானத்தில் வருகிறேன். இறங்கியதும் உன்னை அழைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். இந்த முறை கதவு என்று சொல்லப்போவதில்லை.

பயமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு ஆபீஸை விட்டு வெளியே வராதே, ஆட்களுக்கு நடுவிலேயே இரு. நான் ஏறியதும் முதலாளியம்மா உன் ஆபீஸுக்குப் போன் போட்டு, “துணி ரெடி” என்பார்.

அதிலிருந்து மூன்றேகால் மணி நேரம். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இரு.

அக்கா