மூக்கைக் கொஞ்சம் இறக்கு

அன்பு மகள் சுடர்விழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி தமிழ்மாறன், மாடு கன்று எல்லாரும் நல்ல சுகம், அங்கே நீயும் சுகம் என்று எழுதலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை போனில் அப்படி அழுதாயே, எப்படி எழுதுவேன்? பிளேன் ஸ்டால் ஆகிச் சரிந்தது, பயத்தில் ஸ்டிக்கை இழுத்தேன், இன்னும் மோசமாகச் சரிந்தது, ஓட்டக் கற்றுத்தரும் சார்தான் ஸ்டிக்கைத் தன் கைக்கு வாங்கிச் சரிசெய்தார், வெள்ளிக்கிழமை மறுபடி அதே பரீட்சை, எனக்கு வேண்டாம்மா, ஊருக்கே வந்துடட்டுமா என்று கேட்டாய். நான் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். பதிலை இப்போது சொல்கிறேன். போனில் சொன்னால் குறுக்கே குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதித் தமிழ்மாறனைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, சேற்றுழவு நடக்கிறது. உன் அப்பாவுக்கு ஸ்டால் என்றால் டிராக்டர் சேற்றில் உறுமிவிட்டு நின்றுபோவதுதான். "டீசலைப் பாத்து ஊத்தச் சொல்லு அவளை" என்று டீக்கடை வரை சொல்லிக்கொண்டு திரிகிறார், தலையில் அடித்துக்கொண்டேன். தமிழ்மாறனை உட்காரவைத்து, பிளேன் ஸ்டால் ஆவது எப்படி என்று வீடியோ போடச் சொன்னேன். இன்ஜின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால் றெக்கையின் முதுகை ஒட்டிப் போகவேண்டிய காற்று ஒட்டமுடியாமல் பிய்த்துக்கொள்கிறது, அப்புறம் தாங்க ஆளில்லை, பிளேன் விழுகிறது. "வேகமா போனாலும் ரொம்பத் தூக்குனா இதே கதிதாம்மா" என்றான். அவன் சொன்னால் உடனே நம்பிவிடுவேனா? மறுநாள் திருவாரூரில் ஒரு கல்யாணம், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கையைத் தட்டையாக வெளியே நீட்டினேன். முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினால் காற்றே கையை ஏற்றுகிறது, அடேயப்பா என்று இருந்தது. இன்னும் தூக்கினேன், இன்னும் ஏறியது. ஆசை விடுமா, மேலும் தூக்கினேன், கை வெடவெடவென்று நடுங்கிப் பின்னால் அடித்துக்கொண்டு போனது. "கைய உள்ள எடுங்கம்மா, எதிர்ல லாரி வருது" என்று கண்டக்டர் கத்தினார். "பிளேன் ஓட்டிப் பாக்குறேங்க" என்றேன், பஸ்ஸே சிரித்தது. "டிக்கெட் திருவாரூர் வரைக்கும்தாம்மா, அதுக்கு மேல பறந்துடாதீங்க" என்றார் அவர். நீ அங்கே பஸ்ஸில் இதையெல்லாம் செய்து பார்க்காதே.

உனக்குத் தெரியாததையா நான் சொல்லப்போகிறேன். விழுகிறோம் என்றால் யாருக்கும் இழுக்கத்தான் தோன்றும், அதற்காக நீ பயந்தாங்கொள்ளி ஆகிவிட மாட்டாய். வெள்ளிக்கிழமை பிளேன் நடுங்கும்போது ஸ்டிக்கை முன்னால் தள்ளு, மூக்கு இறங்கட்டும், றெக்கைக்குக் காற்று கிடைக்கட்டும், ஏறுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெறும் வயிற்றோடு போகாதே. பருப்புப்பொடி டப்பாவை மூடிவை, திறந்துபோட்டுவிட்டுப் போவாய், எனக்குத் தெரியும்.

நீ கேட்டபோது "வந்துடுடி என் தங்கமே" என்று வாய்வரை வந்தது. எனக்கும் இழுக்கத்தான் தோன்றியது. பயம் எனக்கும் இருக்கிறது சுடரு, நிறையவே இருக்கிறது. ஆனாலும் வராதே. வெள்ளிக்கிழமை மேலே போ.

நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்
உன் அம்மா
அம்சம் இளையபெருமாள்